ஊர் முழுக்கப் பேசும் போக்சோ வழக்கை மலையில் விசாரிப்பது எப்படி: முதல் மணி நேரத்திலிருந்து குற்றப்பத்திரிகை வரை

நீலகிரி மலை மாவட்டத்து அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் பல வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தேன். அதன்பின் புதிதாக வரும் உதவி ஆய்வாளர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய கேஸ் டைரிகளை (விசாரணை நாட்குறிப்புகளை) படித்திருக்கிறேன். சாதாரண போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கைச் சரியாக நடத்துகிறவர்கள்கூட, வாசலில் கேமராக்கள் வந்து நின்றதும் வரிசையைக் குழப்பிவிடுகிறார்கள். பள்ளி நிர்வாகியோ எஸ்டேட் மேலாளரோ விடுதி முதலாளியோ குற்றம் சாட்டப்பட்டால் செய்ய வேண்டிய வேலை மாறுவதில்லை. "இன்றைக்குள் கைது வேண்டும்" என்ற நெருக்கடிதான் கூடுகிறது. அந்த நெருக்கடியில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. வழக்கு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு நோட்டில் தொலைபேசி எண்கள். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர் லாலி மருத்துவமனை, கூடலூர் அரசு மருத்துவமனை ஆகிய மூன்றிலும் இரவுப் பணியில் பெண் மருத்துவர் யார் என்பதை எப்படி அறிவது, குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சட்டப் பணிகள் ஆணைக்குழு, கோவை தடய அறிவியல் ஆய்வகம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரவு 11 மணிக்கு மழையில் கரண்ட் போன நிலையில் இவற்றைத் தேடினால் இரண்டு மணி நேரம் போய்விடும்.

அடுத்தது மொழிபெயர்ப்பாளர்கள். நீலகிரியில் தமிழ் மட்டும் போதாது. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குழந்தைகள் வீட்டில் பேசும் மொழி வேறு. மலையாளம் பேசும் குடும்பங்கள் நிறைய. ஹட்டிகள் என்ற படகர் ஊர்களில் அவர்களுடைய படகு மொழி. தேயிலைத் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அதே பாடியை (பழங்குடிக் குடியிருப்பை) சேர்ந்தவராகவோ குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்தவராகவோ இருந்தால் மற்றவரைக் கூப்பிடலாம்.

அப்புறம் சாதாரண உடை ஒரு செட், போலீஸ் எழுத்தில்லாத வாகனம், காகித உறைகள், அரக்கு, காலி ஹார்டு டிஸ்க். காவல் ஜீப் ஒரு லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) முன்னால் நின்றால், எந்த வீட்டுப் பிள்ளை என்பது பத்து நிமிடத்தில் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும்.

2. புகார் வந்ததும் எஃப்.ஐ.ஆர்.

சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீது கொடுத்து "விசாரித்துவிட்டுப் பதிவு செய்கிறோம்" என்று அனுப்புவது இந்த வழக்குகளில் செல்லாது. கைதுக்குரிய குற்றம் என்று தகவலில் தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் குற்றத் தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கு பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 199-ன்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

சம்பவம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அனுப்புங்கள். மசினகுடிக் குடும்பம் ஒன்று ஊட்டிக்கு வந்து சொன்னால், திருப்பி அனுப்பக் கூடாது. கேரள, கர்நாடக எல்லையிலும் இதே விதிதான்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, எஃப்.ஐ.ஆருக்காகக் குழந்தையையே நிலையத்தில் உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்பது. அது தேவையில்லை. தாய், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், கிராம செவிலியர் என யார் சொன்னாலும் போக்சோ பிரிவு 19-ன்படி அது தகவல்தான். அவர்கள் சொன்னதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். "மேற்படி எதிரி தகாத எண்ணத்துடன்" என்று நிலைய ரைட்டருக்கு (எழுத்தருக்கு) பழகிய வாசகம் வந்தால், குறுக்கு விசாரணையில் "இது உங்கள் வார்த்தையா அம்மா?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

எஃப்.ஐ.ஆர். போட்ட அதே நிமிடத்தில் அது இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்குப் போகாமல் முடக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே வெளியிலிருந்து ஒரு செல்போனில் திறந்து பாருங்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகப் பாலியல் வழக்கின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. குழந்தையின் பெயர் வரும் ஆவணங்களை மூடி முத்திரையிட்ட உறையில் வைத்து, பெயர் நீக்கிய நகலையே வெளியே எடுக்க வேண்டும் என்பது 2018-ன் நிபுண் சக்சேனா தீர்ப்பு.

3. குழந்தை பழங்குடியா என்று அன்றே கேளுங்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், இந்த மலையில் நான் அதிகம் பார்த்த ஓட்டை இதுதான். குழந்தை பட்டியல் பழங்குடியாகவோ பட்டியல் சாதியாகவோ இருந்து, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) அப்படி இல்லாதவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேரும். அப்போது விசாரணையை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் நடத்த வேண்டும்.

ஆய்வாளர் ஒரு மாதம் விசாரித்து முடித்த பிறகு இது தெரியவந்தால், பிரிவு மாற்ற அறிக்கை போட்டு எல்லாவற்றையும் டி.எஸ்.பி. மறுபடி தொட வேண்டும். மறுபடி என்றால் குழந்தையிடமும் மறுபடி. அரசு நிவாரணத் தொகையும் அத்தனை நாள் தள்ளிப்போகும். எனவே ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) சாதிச் சான்றுக்கு முதல் நாளே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

4. 24 மணி நேரத்துக்குள் போக வேண்டிய தகவல்கள்

குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதை வெறும் தபால் வேலையாக நினைக்காதீர்கள். நலக் குழு வழியாகத்தான் ஆதரவு நபர் வருவார். கோர்ட், ஆஸ்பத்திரி, இழப்பீடு, பள்ளி மாற்றம் என்று பிள்ளையோடு கடைசிவரை நடக்கப் போகிறவர் அவர். நீங்கள் இடமாற்றலாகிப் போவீர்கள், அவர் இருப்பார்.

2020 போக்சோ விதிகளில் உள்ள படிவம் 'அ' குடும்பத்தின் உரிமைகளைச் சொல்வது. தாளைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் போதாது. படிக்கத் தெரியாத தாய்க்கு அவர் மொழியில் வாசித்துச் சொல்லுங்கள்.

5. மருத்துவப் பரிசோதனை

தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆர். எண் இல்லை என்று மருத்துவமனை தயங்கினால், எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் பரிசோதிக்கலாம் என்று போக்சோ பிரிவு 27 சொல்வதைக் காட்டுங்கள். பெண் குழந்தை என்றால் பெண் மருத்துவர். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும்.

சம்பவம் நடந்து 96 மணி நேரத்துக்குள் என்றால் இதுவே எல்லாவற்றுக்கும் முந்தியது, விரிவான வாக்குமூலத்துக்கும் முந்தியது. குளிக்காமல், அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். துவைத்துவிட்டிருந்தாலும் உடையைக் கைப்பற்றுங்கள், தாயைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

மாதிரிகள் நிழலில், காற்றில் காய வேண்டும். காகித உறையில்தான் போட வேண்டும். ஜூலையில் ஊட்டியில் ஒரு பருத்தித் துணி காய எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த உடை பூசணம் பிடித்து ஆய்வகத்திலிருந்து பயனில்லாமல் திரும்பியதை நான் கண்டிருக்கிறேன். கருக்கலைப்பு நடந்தால் அந்தத் திசுவை ஃபார்மலினில் போட வேண்டாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், டி.என்.ஏ. கெட்டுவிடும். குளிர் நிலை மாறாமல் கோவைக்குக் கொண்டுபோக ஐஸ் பெட்டியும் ஆளும் ஏற்பாடாகியிருக்க வேண்டும். பர்லியார் பாதையில் மண் சரிந்திருந்தால் கோத்தகிரி வழி. எதற்காகத் தாமதம் என்பதைக் கேஸ் டைரியில் எழுதிவிடுங்கள். எழுதாத தாமதத்துக்கு எதிர்த்தரப்பு தன் காரணத்தைச் சொல்லும்.

இரு விரல் பரிசோதனை செய்வது தவறான நடத்தை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய அச்சுப் படிவத்தில் அந்தக் கேள்வி இன்னும் இருந்தால் அடித்துவிட்டு அனுப்புங்கள். உடலில் காயம் இல்லை என்ற அறிக்கை வந்தால் பதற வேண்டாம். பல நாள் கழித்து வரும் புகாரில் காயம் இல்லாமல் இருப்பது வழக்கம்தான்.

6. குழந்தையின் வாக்குமூலம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இடத்தைக் குழந்தை தீர்மானிக்கட்டும். வீடு, பாட்டி வீடு, பள்ளி ஆசிரியை வீடு, எதுவானாலும் சரி. எதிரி அதே வீட்டில் இருப்பவர் என்றால் அந்த வீடு வேண்டாம். உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் போக வேண்டும். இரவில் குழந்தையை நிலையத்தில் வைக்கவே கூடாது. முடிந்தவரை ஒலி, ஒளிப் பதிவு செய்யுங்கள்.

முதல் அரை மணி நேரம் சம்பவத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எந்த வகுப்பு, யாரோடு பள்ளிக்குப் போவாய், காலையில் யார் எழுப்புவார் என்று பேசுங்கள். குழந்தை எப்படிப் பேசும், நேரத்தை எப்படிச் சொல்லும், உடல் உறுப்புகளுக்கு என்ன சொல் வைத்திருக்கிறது என்பதெல்லாம் இந்தப் பேச்சில் தெரியும். அந்தச் சொற்களை அப்படியே எழுதுங்கள். நாகரிகமாக மாற்றாதீர்கள்.

"அவர் உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டால் பதில் உங்களுடையது. "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் குழந்தையுடையது. நீதிமன்றத்தில் இந்த வித்தியாசம்தான் நிற்கும்.

தேதி கேட்டுக் குழந்தையைத் திணறடிக்காதீர்கள். பெரியவர்களுக்கே மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி நினைவில் இருக்காது. பொக்காபுரம் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னாலா பின்னாலா, ஹெத்தையம்மன் பண்டிகை லீவிலா, மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வந்த சமயமா, அம்மா இலை எடை போடப் போன நேரமா என்று கேட்டால் பதில் வரும். பிறகு நீங்கள் காலண்டரையும் எஸ்டேட் மஸ்டர் (தொழிலாளர் வருகை) பதிவையும் வைத்துத் தேதியை உறுதி செய்யலாம். குழந்தை சொல்லாத தேதியை வாக்குமூலத்தில் செருகாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொல்லக் கூடாது. "இப்படி இப்படி நடந்ததாகச் சொல்கிறாள் மேடம்" என்று அவர் தொடங்கினால் நிறுத்துங்கள். குழந்தை சொன்ன வாக்கியம் முதலில், அதன் தமிழ் அடுத்து.

பரபரப்பான வழக்கில் குழந்தையை ஆளுக்கு ஆள் கேட்பார்கள். மேலதிகாரி ஒருவர் "நானே ஒருமுறை கேட்கிறேன்" என்பார். ஆறுதல் சொல்ல வரும் பிரமுகர்கள் கேட்பார்கள். ஒரு வழக்கில் ஒரு சிறுமி ஐந்து நாளில் ஏழு பேரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வேறுபாடு. ஏழு பேரிடம் சொன்னதையும் வரிசையாக வைத்து எதிர்த்தரப்பு கேட்ட கேள்விகளுக்கு முன்னால் அவள் அழுத அழுகை இன்றும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். வாக்குமூலம் பதிவாகிவிட்டது, மேற்கொண்டு சந்திப்பதென்றால் குழந்தைகள் நலக் குழு வழியாக எழுத்தில் கேளுங்கள் என்று எல்லோரிடமும் பணிவாகச் சொல்லிவிடுவேன். எழுத்தில் கேட்டவர்கள் மிகக் குறைவு.

மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 164, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். பிரிவு 183. மறுநாளே நேரம் வாங்கப் பாருங்கள். கூடுமானவரை பெண் மாஜிஸ்திரேட். நீங்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது. "நேற்று சொன்னதையே சொல்" என்று வழியில் பாடம் நடத்தவும் கூடாது. "நடந்ததைச் சொல், மறந்திருந்தால் மறந்துவிட்டது என்று சொல்" என்பது போதும்.

7. இடமும் பொருளும் கருவிகளும்

ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். சோதனையும் கைப்பற்றுதலும் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105-ன்படி காணொளியாகப் பதிவாக வேண்டும். பார்வை மகஜருக்கு (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் ஆவணத்துக்கு) முன்பே பத்திரிகையாளர்கள் அந்த அறைக்குள் போய்விட்டால் அந்த அறை உங்களுக்குப் போய்விட்டது. எனவே கைதுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்பு அறைக்குக் காவல் போடுங்கள்.

சி.சி.டி.வி. பதிவுகள் பல இடங்களில் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அழிந்துவிடும். முதல் நாளிலேயே டி.வி.ஆரை (பதிவுப் பெட்டியை) கைப்பற்றுங்கள். பென் டிரைவில் நகல் மட்டும் வாங்கி வருவது பழைய பழக்கம். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும். கைப்பற்றிய செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து, யாரும் திறந்து பார்க்காமல் முத்திரையிடுங்கள். ஆர்வத்தில் கேலரியைத் திறந்து பார்க்கும் காவலர் சான்றையும் கெடுக்கிறார், அந்தப் பிள்ளையையும் இன்னொருமுறை காயப்படுத்துகிறார்.

இந்த மலைக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. 2024 மே மாதம் முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் உண்டு. எதிரி வெளியூர்க்காரர் என்றால் எந்த வாகனத்தில், எந்த நாளில் ஏறினார் என்று அதில் பார்க்கலாம். காட்டேஜ் பதிவேடு, விடுதி வருகைப் பதிவேடு, பள்ளி வேன் ஓட்டுநரின் நோட்டு ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். செல்போன் டவரை மட்டும் நம்பாதீர்கள். மலையில் ஒரு டவர் எதிர்ப்புற மேடு வரைக்கும் எடுக்கும்; பக்கத்துப் பள்ளத்தில் எடுக்காது.

8. கைது

அவசரம் வேண்டாம், தாமதமும் வேண்டாம். வாக்குமூலமும் சம்பவ இடமும் கையில் வந்த பிறகு, செல்போனோடு சேர்த்துப் பிடிப்பதுதான் முறை. எதிரி குழந்தைக்கு அருகில் வசித்தால், ஓடிவிடும் வாய்ப்பிருந்தால், அல்லது சான்றை அழிப்பார் என்று தெரிந்தால் உடனே.

கைதுக்கான காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுங்கள். இது இல்லாததாலேயே கைது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்த வழக்குகள் உண்டு. வசதியான எதிரியின் வழக்கறிஞர் முதலில் தேடுவது இந்தத் தாளைத்தான். எதிரிக்கு மருத்துவப் பரிசோதனையும் அன்றே.

குழந்தைக்கு முன்பின் தெரியாத எதிரி என்றால் அடையாள அணிவகுப்புக்கு முன் அவர் முகம் வெளியே போகக் கூடாது. டி.வி.யில் பார்த்த முகத்தைக் குழந்தை அடையாளம் காட்டுவதற்கு மதிப்பில்லை.

நிறுவனத் தலைவர் முன்பே தெரிந்தும் சொல்லவில்லை என்றால் போக்சோ பிரிவு 21-ன்படி அவரும் எதிரி. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி வைத்ததற்கு மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு, பெற்றோருக்கு எழுதிய கடிதம் ஏதாவது இருக்கும்.

பரிந்து பேச யார் போன் செய்தாலும் நேரத்தையும் பேசியதையும் ஜெனரல் டைரியில் (நிலைய நாட்குறிப்பில்) ஒரு வரி எழுதுங்கள். எழுதுகிறீர்கள் என்று தெரிந்தால் போன் குறையும்.

9. பத்திரிகையாளர்களிடம் என்ன சொல்வது

ஒருவர் மட்டும் பேச வேண்டும். அவர் விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது. எழுதி வாசிக்கட்டும்.

2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் உயர் காவல் அதிகாரி ஒருவரே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2025 மே 13 அன்று எதிரிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. இடைப்பட்ட ஆறு வருடமும் அந்தப் பெண்கள் உறுதியாக நின்றதால்தான் அது முடிந்தது.

போக்சோ பிரிவு 23 பெயரோடு நிற்பதில்லை. முகவரி, புகைப்படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாம் அதில் அடக்கம். பெரிய நகரத்தில் "அரசுப் பள்ளி மாணவி" என்றால் ஆயிரம் பேர். இங்கே "பந்தலூர் அருகே ஒரு பாடியில் எட்டாம் வகுப்பு படிக்கும் சிறுமி" என்றால் ஒரே பிள்ளைதான். "தாய் தோட்டத் தொழிலாளி, தந்தை இறந்துவிட்டார்" என்று சேர்த்தால் வீட்டு எண்ணையே கொடுத்த மாதிரி. எதிரி தந்தையோ உறவினரோ என்றால் எதிரியின் பெயரும் குழந்தையைக் காட்டிக் கொடுக்கும்.

நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இவ்வளவுதான்: "நீலகிரி மாவட்டத்தில் போக்சோ சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு பதிவாகியுள்ளது. ஒருவர் கைது செய்யப்பட்டுள்ளார். குழந்தை பாதுகாப்பாக உள்ளது. அடையாளம் தெரியும் எந்தத் தகவலையும் வெளியிடுவது குற்றம். தகவல் உள்ளவர்கள் 1098-ஐ அழைக்கலாம்." கூடுதலாக எதைக் கேட்டாலும் இதையே மறுபடி வாசிக்கலாம். நிலைய வாட்ஸ்அப் குழுக்களில் எஃப்.ஐ.ஆர். படம் போகாமல் பார்ப்பதும் உங்கள் வேலை. கசிவுகள் அங்கிருந்தும் தொடங்குகின்றன.

10. வேறு குழந்தைகளும் இருந்தால்

விடுதி, பள்ளி, பயிற்சி மையம் என்றால் இன்னொரு குழந்தை இருக்கலாம் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். எல்லா மாணவிகளையும் ஹாலில் உட்கார வைத்து "யாருக்காவது நடந்ததா?" என்று கேட்ட அதிகாரியைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையும் உயரவில்லை. பிறகு அந்தக் கேள்வியை "யாருமே சொல்லவில்லையே" என்று எதிர்த்தரப்பு பயன்படுத்தியது.

ஆலோசகர் ஒருவர் சில வாரம் அங்கே சாதாரணமாக வந்து போகட்டும். ஒரு பெண் அதிகாரியின் எண் மட்டும் தெரிந்திருக்கட்டும். வரும் ஒவ்வொரு தகவலுக்கும் தனி எஃப்.ஐ.ஆர். வேண்டுமா என்று அரசு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். ஒரு குழந்தை சொன்னதை இன்னொரு குழந்தையிடம் சொல்லாதீர்கள்.

11. சமரசப் பேச்சு வரும்போது

வரும். ஊர்ப் பெரியவர், உறவினர், எஸ்டேட் வேலை போய்விடும் என்ற பயம், கல்யாணப் பேச்சு என்று ஏதாவது வழியில். இந்தக் குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதைக் குடும்பத்திடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மிரட்டல் என்றால் தனி எஃப்.ஐ.ஆர். போட்டு, சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு கொடுங்கள். இடைக்கால இழப்பீட்டுக்கும் அப்போதே மனு. கையில் பணம் இல்லாத குடும்பம்தான் முதலில் தளரும். வேலை போன தாய்க்கு அந்த இழப்பீடு மூன்று மாத அரிசி.

12. குற்றப்பத்திரிகை

தகவல் பதிவான நாளிலிருந்து இரண்டு மாதம். தடய அறிக்கை வரவில்லை என்று காத்திருந்து நாளைத் தவறவிட்டால் எதிரிக்குத் தானாக ஜாமீன் கிடைக்கும் நிலை வரலாம். இருப்பதை வைத்துத் தாக்கல் செய்து, அறிக்கை வந்ததும் கூடுதல் குற்றப்பத்திரிகை போடலாம்.

அனுப்பும் முன் வயதுச் சான்றைப் பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 94-ன் வரிசைப்படி பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, இல்லையென்றால் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது என்று 2023-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடிகளில் வீட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று இல்லாமல் போகலாம். தலைமை ஆசிரியரைச் சேர்க்கைப் பதிவேட்டோடு சாட்சியாகச் சேர்ப்பது அவசியம்.

எதிரி குற்றம் செய்தார் என்று கொள்ளும் போக்சோ பிரிவு 29-ன் அனுமானம் இருக்கிறது என்று சாய்ந்துவிடாதீர்கள். அடிப்படை உண்மைகளை நாம் நிறுவிய பிறகுதான் சுமை எதிரிமேல் போகும்.

எதிர்த்தரப்புக்குப் போகும் நகல்களில் குழந்தையின் இப்போதைய முகவரி, புதிய பள்ளி, தொலைபேசி எண் வந்துவிடாமல் ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டியதும் சட்டப்படி உங்கள் கடமை.

சாட்சியம் உதகை மகளிர் நீதிமன்றத்தில். கூடலூரிலிருந்து 50 கிலோமீட்டர், பந்தலூர் அதற்கும் அப்பால். விடியற்காலை பஸ்ஸில் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து, குளிரில் வராந்தாவில் காத்திருந்து, மதியம் சாட்சிக் கூண்டுக்குப் போகும் பிள்ளையால் பேச முடியாது. முந்தைய நாளே அழைத்து வந்து தங்க வைக்க ஆதரவு நபரிடமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் பேசுங்கள். காலையில் எதிரி வரும் வாசலும் பிள்ளை வரும் வாசலும் வேறாக இருக்கும்படி கோர்ட் காவலரிடம் சொல்லி வைத்து, ஒரு ஸ்வெட்டரும் கையில் எடுத்துப் போங்கள்.